உண்மை சொன்னால் ஆறு விழவேண்டும்

1

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் நேர்மையானது ஒன்றே ஒன்றுதான்: ஆறு முகப் பகடை. சட்டம் ஆள் பார்க்கும். தராசு சாயும். கடிகாரம் முந்தும், பிந்தும். கதை எழுதுகிறவன் தனக்குப் பிடித்த பாத்திரத்தைக் கடைசிப் பக்கம்வரை சாகவிடமாட்டான். பகடைக்கு மட்டும் யாரையும் பிடிக்காது. உலக இலக்கியத்தில் பகடைக்கு நிகரான நேர்மையுடன் எழுதப்படும் முதற்கதை இது. இதில் நான் ஒருவருக்கும் இரக்கம் காட்டப்போவதில்லை. அடக்கத்துடன்தான் சொல்கிறேன்.

இனி வாக்குமூலம். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு விளையாட்டின் விதிப் புத்தகத்துக்கு முன்னுரையாகப் பிறந்தது. நானும் மேனுஷாவும் லண்டனில் ஒரே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. இருவருமாக ஓர் உளவாளி விளையாட்டை உருவாக்குகிறோம். மொத்தம் முப்பத்திரண்டு பக்கம், முப்பத்தொன்று முடிந்துவிட்டது.

"முதற்பக்கத்திலை நாலு வரி முன்னுரை எழுது யனுஷன். நீதானே தமிழ்ச் சங்க மலரிலை பெரிய எழுத்தாளர்" என்றாள் மேனுஷா.

நாலு வரி என்றுதான் தொடங்கினேன்.

முதல் முயற்சி: "லண்டனில் அன்று மழை பெய்துகொண்டிருந்தது." (இது ஒரு தகவலே இல்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: "அவனுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, உறவு இல்லை. அவன் ஓர் உளவாளி. கிங்ஸ்பரியில் ஒரு தமிழ்க் கல்யாண மண்டபத்துக்குள் அவன் யாருடைய கண்ணிலும் படாமல் நுழைந்து

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஏன் முடிக்க முடியவில்லை என்பதிலிருந்துதான் எங்கள் விளையாட்டே வந்தது.

2

இவ்வகை விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக: மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறன்", "நான் யன்னலாலை குதிக்கிறன்" என்று வாயால் வாழ்வார்கள். செய்ய நினைப்பது கடினமான காரியம் என்றால் பகடை உருட்டவேண்டும். கதையை நடத்துகிறவருக்கு 'நடத்துநர்' என்று பெயர் வைத்தேன்.

[தமிழ்நாட்டில் இது பேருந்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவரைக் குறிக்கும் என்று பிற்பாடு தெரியவந்தது. மாற்றவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான்: எல்லாரும் ஏறியாயிற்றா, இடையில் யாராவது குதிக்கிறார்களா என்று பார்ப்பது.]

முதற் சோதனை ஆட்டம் மனோர் பார்க்கில், மேனுஷா வீட்டு முன்னறையில் நடந்தது. மேனுஷா நடத்துநர். அவளுடைய சித்தப்பா மகன் லக்‌ஷன் உளவாளி. கல்யாண றிசெப்ஷனுக்குள் புகுந்து ஏழாம் மேசையில் இருப்பவரின் கைப்பையைத் திருடவேண்டும். உலக உளவு மரபுப்படி அவனுக்கு நான் பெயரற்ற, கடந்தகாலமற்ற அந்நியன் வேடம் கொடுத்தேன்.

மண்டப வாசலில் நிற்கும் மாமியாக மேனுஷா தொடங்கினாள். "வாங்கோ தம்பி. எந்த ஊர்?"

"எனக்கு ஊர் இல்லை" என்றான் லக்‌ஷன், குரலைத் தாழ்த்தி.

"ஊரில்லாமல் எப்பிடி? ஆற்றை பிள்ளை?" என்று தாய் தகப்பனை விசாரித்தாள்.

"எனக்கு ஒருத்தரும் இல்லை."

"ஐயோ, என்ரை பிள்ளை! சாப்பிட்டனீங்களோ? இஞ்சை வாங்கோ, முன்னுக்கு வந்து இருங்கோ. எல்லாரும் ஓடி வாங்கோ, இந்தப் பெடியனுக்கு ஒருத்தரும் இல்லையாம்!"

நான்கு நிமிடத்தில் எங்கள் உளவாளியைச் சுற்றிப் பதினொரு பேர். இருவர் அவனுடைய மூக்கு யாருடைய மூக்கு என்று ஆராய்ந்தார்கள். ஒருவர் ரொறன்ரோவுக்குப் படம் அனுப்பினார். மூன்று பேர் சாதகம் கேட்டார்கள். அவனால் கதிரையை விட்டு எழும்பவே முடியவில்லை. வெளிநாட்டு உளவாளியை அடையாளம் கண்டுபிடித்தால் ஆபத்து. எங்கள் ஆட்களிடையே அடையாளம் கண்டுபிடிக்க முடியாவிட்டால்தான் ஆபத்து.

இரண்டாம் ஆட்டத்தில் அவனுக்கு முழுசாக ஒரு பொய் வாழ்க்கை எழுதிக் கொடுத்தேன். பெயர் ரோஹித், பிறந்தது பாரிஸ், தகப்பன் மருந்துக் கடை.

"எந்த ஊர் தம்பி?" என்றாள் மேனுஷா மாமி.

"அம்மா கரவெட்டி, அப்பா அளவெட்டி" என்றான் லக்‌ஷன்.

"டேய், ஏன்டா உண்மையைச் சொன்னனீ?" என்றேன்.

"மாமி கேட்டவவெல்லோ. பெரிய ஆக்களிட்டை எப்பிடிப் பொய் சொல்லுறது?"

"அது மேனுஷாடா."

"ஓம். ஆனா அவ அந்தக் குரலிலை கேட்டவ."

அன்றுதான் பதினான்காம் பக்கம் பிறந்தது. துப்பாக்கி, ஒளிப்படக் கருவி, மணிக்கூட்டுக்குள் மறைந்த கத்தி எல்லாவற்றையும் தூக்கி எறிந்தோம். எங்கள் விளையாட்டில் எதிரி மூன்று கேள்விகள்தான். எந்த ஊர்? ஆற்றை பிள்ளை? ஆரோடை வந்தனீங்கள்? முதலாவதுக்குப் பொய் சொல்ல இரண்டோ அதற்கு மேலோ விழவேண்டும். அடுத்ததற்கு மூன்று. கடைசிக்கு ஐந்து. பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. இப்படி எழுதினேன்:

"உண்மை சொல்ல விரும்பும் உளவாளிகள் ஆறு போடவேண்டும்."

இரண்டு நாள் இதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

3

மேனுஷாவிடம் ஒரு குறை இருந்தது. அவள் முன்னால் ஓர் அட்டையை மறைப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் பகடை உருட்டிவிட்டு எண்ணை அறிவிப்பாள். பதினான்காம் பக்கத்துக்குப் பிறகு மூன்று ஆட்டமாக ஒருவரும் தோற்கவில்லை. லக்‌ஷனுக்குத் தொடர்ந்து எட்டு முறை ஐந்தோ ஆறோ விழுந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறாயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்றில் ஒரு தடவைதான் அப்படி நடக்கும்.

"நீ டைஸைப் பாத்திட்டுப் பொய் சொல்லுறாய்."

"ஓம்" என்றாள், வெட்கமே இல்லாமல்.

"ஏன்?"

"அவன்ரை முகத்தைப் பாத்தனான்."

இதற்கு நான் சங்க மலரில் 'இரக்கமுள்ள பகடை' என்று அறுநூறு சொல்லில் ஒரு நையாண்டி எழுதினேன். பரிதாபப்பட்டு விதியை வளைப்பவர்களே பரீட்சைத் தாளில் கருணை மதிப்பெண் போடுபவர்கள், ஓடாத மணிக்கூட்டுக்கு நேரம் சரிதான் என்று ஆறுதல் சொல்பவர்கள் என்று நிறுவினேன். நாகரிகம் கருதிப் பெயர் குறிப்பிடவில்லை. "கிழக்கு லண்டனில் வசிக்கும், பெயர் 'மே'யில் தொடங்கும் ஒரு வடிவமைப்பாளர்" என்று மட்டும் போட்டேன். அவள் ஒன்பது நாள் என்னோடு கதைக்கவில்லை.

பத்தாம் நாள் நடத்துநர் பொறுப்பை நான் எடுத்தேன். மறைப்பு அட்டையை மடித்துக் கவுன்சிலின் மறுசுழற்சித் தொட்டியில் போட்டேன். இனிப் பகடை எல்லார் கண் முன்னாலும் ஒரு பிஸ்கட் டின் மூடிக்குள் உருளும். நான் நடத்திய முதல் ஆட்டத்தில் ஆறு நிமிடத்தில் மூன்று உளவாளிகள் பிடிபட்டார்கள். ஒருவர்கூட மகிழவில்லை. நேர்மைக்குக் கூட்டம் சேராது என்று எனக்குத் தெரியும்.

4

இந்த இடத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவர வேண்டும். எழுதும் எனக்கே அவள்மீது சந்தேகம். கதைக்கு இவ்வளவு தோதாக ஒருத்தி, நாங்கள் ஆடும் மேனுஷா வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருப்பாளா? வேறு யாராவது எழுதியிருந்தால் கிண்டல் செய்திருப்பேன். ஆனால் இருக்கிறாள்.

பெயர் ஸ்ரீநிதி. இருபத்தேழு வயது, கரூர். ஒரு ஐடி நிறுவனத்தில், மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் ஓட்டை தேடுவது தொழில். ஒருநாள் தண்ணீர் குடிக்கக் கீழே வந்தவள் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். உட்கார்ந்தாள். எழும்பும்போது அதில் பத்தொன்பது பிழை கண்டுபிடித்திருந்தாள்.

[இந்தப் பகுதியை அவளிடம் காட்டினேன். ஓரத்தில் எழுதித் தந்தது: "பத்தொன்பது இல்ல, இருபத்தி மூணு. அப்புறம் நான் தண்ணி குடிக்க வரல, டீ."]

நான்காம் வாரம் அவள் கேட்டாள். "யனுஷன், இந்த மண்டபம் கிங்ஸ்பரியிலயேதான் இருக்கணுமா?"

"ஏன் அக்கா?"

"வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு அங்க நிஜமாவே ஒரு மிஷன் இருக்கு."

விஷயம் இதுதான். சுஜீத் என்று அவளோடு வேலை செய்கிறவர் ஒருவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். இரண்டு வருடமாகக் காதல். கல்யாணம் செய்வது என்று இருவரும் முடிவெடுத்துவிட்டார்கள். சுஜீத்தின் அம்மா பாலாம்பிகைக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. ஞாயிறு அவர்கள் வீட்டு றிசெப்ஷன் ஒன்று. அதே மண்டபத்துக்கு ரொறன்ரோவிலிருந்து, சுஜீத்துக்குப் பார்த்திருக்கும் ஒரு பெண் பல் வைத்தியரின் சாதகமும் வருகிறது. சாப்பாடு முடிந்ததும் பெரியவர்கள் இருந்து கதைத்து முடிவு சொல்லிவிடுவார்களாம். ஸ்ரீநிதியைத் தன் தங்கை கஜந்தினியின் சிநேகிதி என்று சொல்லிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் சுஜீத்.

"அவர் தாயிட்டைச் சொல்லமாட்டாரோ?" என்று மேனுஷா கேட்டாள்.

"ரெண்டு வருஷமா நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னு சொல்றான். அம்மா முன்னாடி போனா அவனுக்கு வாய் வராது."

"எனக்கு விளங்குது" என்றான் லக்‌ஷன், அடிமனதிலிருந்து.

"அதனால நானே சொல்லிடலாமான்னு பாக்கறேன். ஆனா தைரியம் வரல. சனிக்கிழமை ஆடிப் பாப்போம். யனுஷன், நீ அவங்க அம்மாவா இரு. நான் தாண்டிட்டேன்னா ஞாயித்துக்கிழமை நிஜமா சொல்லிடுவேன். தாண்டலைன்னா கஜந்தினி ஃபிரெண்டா போய் சாப்ட்டுட்டு வந்துடறேன்."

"அவனிட்டையோ கேக்கிறியள்?" என்றாள் மேனுஷா.

"அவன்கிட்டதான். சும்மா ஜெயிக்க வெக்க மாட்டான். ஆபீஸ்ல நான் தினமும் பாக்கறது என்ன தெரியுமா? யாரோ பாவம் பாத்து பாஸ் போட்டு அனுப்பின சரக்கு. இது ஒண்ணாவது நிஜமா பாஸ் ஆகணும் எனக்கு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என் இரக்கமின்மையை நம்பி வந்திருக்கிறார். நெஞ்சு நிமிர்ந்தது என்று எழுதினால் மிகை. நிமிர்ந்தது.

5

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. மேனுஷாவின் அம்மா ஒரு தட்டு ரோல்ஸ் பொரித்து வைத்துவிட்டுப் போனார். நான் முதல்நாளே ஸ்ரீநிதியிடம் எண் வாங்கிக் கஜந்தினிக்குப் போன் பண்ணி அவளுடைய தாயைப் பற்றிக் குறிப்பெடுத்திருந்தேன். கேள்வி கேட்கும்போது மற்றவரின் சேலைத் தலைப்பைச் சரிசெய்து விடுவாராம். ஸ்ரீநிதியின் துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டு ஆரம்பித்தேன்.

"எந்த ஊர் பிள்ளை?"

"கரூர் ஆன்ட்டி."

"அது எங்கை? வன்னியிலையோ?"

"இல்ல ஆன்ட்டி, தமிழ்நாடு."

"ஓ! வடிவாத் தமிழ் கதைக்கிறியள்."

"ஆமா ஆன்ட்டி. சின்ன வயசுலேர்ந்தே பேசிட்டு வர்றேன்."

லக்‌ஷன் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தான். பொய் சொல்லாததால் பகடை இல்லை.

[ஊரும் தகப்பன் பேரும் உண்மையாய்ச் சொன்னால் ஆறு வேண்டாமா என்று இருபத்து நான்காவது பிழையாக அவளே கேட்டிருந்தாள். மறைக்க வேண்டியதை வெளியே சொன்னால்தான் உண்மை, மற்றது வெறும் தகவல் என்று தீர்ப்பளித்திருந்தேன்.]

"ஆற்றை பிள்ளை?"

"உங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி."

"சொல்லுங்கோவன், பாப்பம்."

"கோபாலகிருஷ்ணன். ஸ்கூல் வாத்தியார்."

"வாத்தியார்மார் நல்ல ஆக்கள்" என்றேன். இது விதிப் புத்தகத்தில் இல்லாதது. எப்படியோ வந்துவிட்டது. "இஞ்சை ஆரோடை வந்தனீங்கள்?"

கஜந்தினியின் சிநேகிதி என்றால் ஐந்து போதும். ஸ்ரீநிதி கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தாள். விரலைத் துடைத்தாள்.

"உங்க மகனோட வந்தேன் ஆன்ட்டி. ரெண்டு வருஷமா அவனோடதான் வந்துட்டிருக்கேன். உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பித் திரும்பிப் போறேன். இன்னைக்குத் திரும்பிப் போக மனசில்ல."

ஒரு கணம் நான் பாலாம்பிகையாகவும் இல்லை, நடத்துநராகவும் இல்லை. பிறகு பதினான்காம் பக்கத்தைத் திறந்தேன்.

"உண்மை. ஆறு விழவேணும்."

"ஆறா?" என்றாள் ஸ்ரீநிதி.

"ஆறு மட்டும்."

"அது பகிடிக்கு எழுதினதெல்லோ!" என்றாள் மேனுஷா.

"புத்தகத்திலை இருக்கு."

ஸ்ரீநிதி பகடையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக் குலுக்கி டின் மூடிக்குள் போட்டாள். அது ஓரத்தில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

இரண்டு.

எல்லாரும் பார்த்தோம். மறைப்பு இல்லை. "மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு மற்ற மேசைக்குப் போறா. மிஷன் தோல்வி" என்றேன். குரல் நடுங்கவில்லை. வரலாற்றுக்காகக் குறித்துவைக்கிறேன்.

"ஓ" என்றாள் ஸ்ரீநிதி. "பரவால்ல. ஆட்டம்தானே." தட்டை எடுத்துப் போய், அதில் இன்னும் மூன்று ரோல்ஸ் இருக்கின்றன என்பதைக்கூடக் கவனிக்காமல், குழாயின் கீழே பிடித்தாள். பிறகு மேலே போய்விட்டாள்.

6

"இப்ப திருப்தியோ?" என்றாள் மேனுஷா.

"விதி எண்டால் விதிதானே."

"விதியை எழுதினது ஆர்?"

"நான்."

"ஏன் ஆறு எண்டு எழுதினனீ?"

"பகிடியா இருந்தது."

"பாத்தியா? அந்தப் பிள்ளையின்ரை வாழ்க்கைக்கு நீ வைச்ச அளவு உன்ரை பகிடிதான். அதுக்குப் பேர் நேர்மையோ, விசரா?"

லக்‌ஷன் நனைந்த ரோல்ஸைப் பார்த்தபடி இருந்தான். எது அவனை அதிகம் வருத்தியது என்று எனக்குத் தெரியவில்லை.

வாசகரே, இந்தக் கதைக்கு நான் யோசித்த முடிவுகள்:

(அ) அவள் கஜந்தினியின் சிநேகிதியாகப் போகிறாள், சாப்பிடுகிறாள், திரும்பி வருகிறாள். சாதகம் பொருந்துகிறது. விதிப்படி இதுவே சரியான முடிவு.

(ஆ) அவள் போகவே இல்லை.

(இ) சுஜீத் தாயிடம் தானே வாய் திறக்கிறார். [லக்‌ஷன் இதை வாசித்துவிட்டு, "அண்ணை, இது கற்பனைக் கதையோ?" என்று கேட்டான்.]

(ஈ) கதை எழுதுகிறவன் இடையில் புகுந்து

இதை முடிக்கவில்லை. மூன்றாந்தர எழுத்தாளர்கள் செய்கிற வேலை.

ஞாயிறு மதியம் எங்கள் நால்வரின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்ரீநிதி கேட்டிருந்தாள்: "கஜந்தினி ஃபிரெண்டுன்னா எந்தக் கலர் புடவை கட்டலாம்? கண்ல படாத மாதிரி."

ஆக, (அ). கதை ஒழுங்காக முடிந்துவிட்டது. 'சாம்பல் நிறம்' என்று எழுதினேன். அழித்தேன். 'பச்சை' என்று எழுதினேன். அழித்தேன். முன்னுரையை வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். பிறகு விதிப் புத்தகத்தின் ஃபைலைத் திறந்தேன்.

7

குழுவுக்கு அல்ல, அவளுக்கு மட்டும் ஒரு பக்கத்தை அனுப்பினேன்.

"அக்கா, பதினாலாம் பக்கத்திலை ஒரு அச்சுப்பிழை இருந்திருக்கு. உண்மை சொல்ல ரெண்டோ அதுக்கு மேலையோ விழுந்தால் போதும். ஆறு எண்டு பிழையா அடிபட்டுப் போச்சு. மன்னிக்கோணும்."

அவள் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. நேரம் போனது.

"எப்ப கண்டுபிடிச்ச?"

"வெள்ளிக்கிழமையே. சொல்ல மறந்துபோனன்."

"ஃபைல்ல இன்னைக்கு மத்தியானம் 2:10ன்னு இருக்கே."

இருபத்தைந்தாவது பிழை. நான் என்ன எழுதினேன் என்பதை இங்கே தருவதற்குச் சங்கடமாக இருக்கிறது. "அது கோடைகாலத்துக்கு மணியை மாத்தினதாலை அப்பிடிக் காட்டுது" என்று எழுதினேன்.

அவள் எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் எழுதினாள்.

"சரி. அப்போ எனக்கு ரெண்டு விழுந்துச்சு. பாஸ்."

கொஞ்சம் கழித்து ஒரு படம் வந்தது. செக்கச்செவேலென்ற புடவை, ஜூபிலி லைன் ரயில் பெட்டியில் ஒரு கதவுக் கண்ணாடியில் தெரிகிறது. கீழே, "கிங்ஸ்பரி அடுத்த ஸ்டேஷன்."

மண்டபத்துக்குள் நடந்தது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அதை நீங்கள்தான் ஆடவேண்டும். வாசலில் பாலாம்பிகை நிற்கிறார், அவருடைய கை சேலைத் தலைப்பை நோக்கி வருகிறது, மூன்றாம் கேள்வி கேட்டாயிற்று. வீட்டில் கிடக்கும் ஒரு பகடையை எடுத்து உருட்டுங்கள். உருட்டுமுன் கீழே உள்ளதைக் கவனித்துக்கொள்ளவும்.

பிழை திருத்தம்: இக்கதையின் தலைப்பிலும் உள்ளேயும் உண்மை சொல்வதற்கு 'ஆறு' என்றிருக்கும் இடங்களையெல்லாம் 'இரண்டு அல்லது அதற்கு மேல்' என்று திருத்தி வாசிக்கவும். அச்சகத்தார் விட்ட தவறு. ஒன்று விழுந்தால் மேசை ஆடியிருக்கும், மறுபடி உருட்டவும்.